மேசை ஏழு

காத்தான்குடி இஸ்ஸதீன் தன் நெட் கஃபேயை மூடியபோது
ஒன்பதாயிரத்துக்கு அந்தப் பெட்டியை வாங்கினேன்.
நெற்றியில் இன்னும் ஒட்டியிருக்கிறது: மேசை 7.
கட்டாருக்கும் குவைத்துக்கும்
அழுதும் சிரித்தும் பேசியவர்களின் மூச்சு
அதன் விசிறித் தூசியில் இருந்திருக்கும்.
பழைய பல் பிரஷ்ஷால் கூட்டி எடுத்தேன்.
கல்லடி உப்புக்காற்று வாங்கின கிழமையே
ஆணிகளைத் தின்னத் தொடங்கிவிட்டது.
தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஒரு அதட்டல்.
ஓடியது.

"திரை இல்லாமலும் ஒரு கொம்பியூட்டரா?"
என்றார் பேரின்பராசா.
"இது பார்க்கிறதுக்கில்ல,
பார்த்துக்கொள்றதுக்கு."

இன்னொரு நெட்வேர்க் கார்ட் பூட்டினேன்.
ஒரு வாய் வெளியே, ஒரு வாய் உள்ளே.
ஜன்னல் ஓட்டையால் வரும் ஃபைபர் வயர்
இந்தப் பக்கம் நுழைய, அந்தப் பக்கத்தால்
எங்கள் வீடு தொடங்குகிறது:
மகளின் லப்டொப், இவரின் கிரிக்கெட்,
இரவில் நான் சரிபார்க்கும் சங்கத்துக் கணக்குகள்,
மேல்வீட்டுப் பொடியன் களவாய்ப் பிடிக்கும் வைஃபை.
அவனை முதலில் வெட்டினேன்.
மறுகா, பாவம், தனியாய் ஒரு வழி விட்டேன்,
மெதுவானது, சோதனை முடியும் மட்டும்.

சட்டம் எழுதக் குந்தினேன்.
முதல் வரி: எல்லாரையும் மறி.
கை அதில் கொஞ்சம் நின்றது.
இந்தப் பாலத்தடியில் எத்தனை வருசம்
பஸ்ஸால் இறங்கி, வரிசையில் நடந்து,
அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே நீட்டியிருப்பேன்.
எங்கிருந்து, எங்கே, எதற்கு.
பெட்டியும் அந்த மூன்றைத்தான் கேட்கிறது.
சாவடியின் மறுபக்கத்துக் கதிரையில்
நான் இருப்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இரண்டாம் வரி நல்ல வரி:
உள்ளிருந்து போனவருக்கு வரும் பதிலை உள்ளே விடு.
யார் போனது, எந்த வாசலால், எவரைத் தேடி
எல்லாம் ஒரு பட்டியலில் குறித்துவைத்துக்கொண்டு
பெட்டி காத்திருக்கும்.
ஒரு சத்தமும் இல்லாவிட்டால்
ஐந்து நாளில் அந்தப் பெயரை அழித்துவிடும்.

ஐந்து நாள்.
அண்ணன் தொண்ணூறில்
மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர்.

இரவு ஒன்றரைக்கு முதல் தட்டல்.
இருபத்திரண்டாம் வாசலில்.
மறுகா இன்னொன்று. மறுகா முந்நூறு.
எந்த ஊரென்று தெரியாத எண்கள்.
பூட்டித்தான் இருக்கிறது கதவு. பூட்டியிருந்தும்
பாயில் எழும்பிக் குந்தியிருந்தேன்.

படித்த புத்தகம் சொல்கிறது: பதில் சொல்லாதே.
வந்ததை அப்படியே விழுங்கிவிடு.
தட்டினவன் இது வீடா வெறும் வளவா என்று
தெரியாமல் நிற்கட்டும்.
அதுதான் பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பை எனக்குத் தெரியும்.
வெளியில் நின்று பார்த்தவள் நான்.
முகாம் வாசலில் அப்பாவோடு பதினொரு நாள்.
இல்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால்
அன்றைக்கே வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்போம்,
அல்லது தின்னாமல் படுத்திருப்போம்.
ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
மணல் மூட்டைக்கு மேலே ஒரு தொப்பி
எங்களைப் பார்த்தது, பிறகு வேறெங்கோ பார்த்தது.
பன்னிரண்டாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல்.

ஒரேயொரு சொல்லை மாற்றினேன்.
'விழுங்கு' என்றிருந்த இடத்தில் 'மறுத்துச் சொல்'.
இப்போது ஒவ்வொரு தட்டலுக்கும்
கண் மூடித் திறப்பதற்குள் ஒரு துண்டு போகிறது:
இல்லை. இங்கே இல்லை.
முந்நூறு பேருக்கும் முந்நூறு துண்டு.

பேரின்பராசா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.
"அப்ப உள்ளுக்கு ஆள் இருக்கெண்டு
அவனுக்குத் தெரிஞ்சிடுமே?"

தெரியட்டும்.

மேசை ஏழின் விசிறி கரகரக்கிறது.
விடிய இன்னுமொரு சொட்டு எண்ணெய் விடவேணும்.