வியாழக்கிழமைப் பூஜ்யம்

ரொவீனா ஜெஃப்தாவின் நோட்டில்
ஐம்பத்தேழு பூஜ்யங்கள் இருந்தன.
வியாழன்தோறும் காலை ஏழு முதல் ஏழரை வரை
பள்ளி வேலிக்கு இந்தப் பக்கம்
கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டில் உட்கார்ந்து
வராத தேன்சிட்டை எண்ணுவாள்.

இருபத்திரண்டு வருஷம்
தையல் ஆலையில் சட்டைகளைச் சோதித்தவள்.
ஓர் இழை பிசகினாலும் பெட்டிக்குள் போக விடமாட்டாள்.
ஆலையை மூடிய அன்றும்
கடைசி டஜனில் இரண்டைத் திருப்பி அனுப்பினாளாம்,
வாங்க ஆளில்லாத சட்டைகளை.

நாங்கள் பதினொரு பேர்.
நான் அட்டைப்பெட்டி கொண்டுவருகிறவன்.
சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில் கேட்டு வாங்கி
பிரித்து, நனைத்து,
கிக்குயூப் புல்லின்மேல் விரிப்போம்.
வெளிச்சம் மறந்தால்தான் அந்தப் புல் சாகும்.
அப்போதும் முழுசாகச் சாகாது.

மணல். தோண்டினால் மணல்.
இன்னும் தோண்டினால் யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு,
அதற்கும் கீழே மணல்.
கேப் டவுனிலிருந்து எங்கள் பெற்றோரை
லாரியில் கொண்டுவந்து இறக்கிய மணல்.
இதற்கென்றே பிறந்த செடிகள் உண்டு என்று
நோக்குஸோலா சொன்னபோது யாரும் நம்பவில்லை.
உரம் போட்டால் செத்துவிடும் என்றாள்.
'என் மச்சான் மாதிரி' என்றான் டெஸ்மண்ட்.
'சம்பளம் ஏறியதும் படுத்துவிட்டான்.'

முதல் நடவைத்
தென்கிழக்குக் காற்று வேரோடு பிடுங்கி
டாக்ஸி ஸ்டாண்டில் கொண்டுபோய்ப் போட்டது.
இரண்டாவதை மாநகராட்சியின் புல்வெட்டி,
நேர்கோட்டில், மிகுந்த ஒழுங்கோடு.
மூன்றாவதன்போது போலீஸ் வேன் வந்து நின்றது.
காட்டுக் கஞ்சா என்று பெயர்ப்பலகை வைத்திருந்தோம்;
அந்தச் செடிக்கு ஊரில் அதுதான் பெயர்.
இறங்கியவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார்.
கொஞ்சம் ஏமாந்தவர்போல் வண்டியேறினார்.

அதுதான் பூத்தது.
தண்டைச் சுற்றி ஆரஞ்சு வளையம்,
மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று.
ஒவ்வொரு குழாய்ப் பூவும்
ஒரு வளைந்த அலகுக்கு அளவெடுத்தது.
தேனீ வந்தது. எறும்பு வந்தது.
பெயர் தெரியாத வண்டு ஒன்று
மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது.
அந்த அலகு வரவில்லை.

மலையிலிருந்து மிட்செல்ஸ் ப்ளெய்ன் வரை
கூரை, கூரை, தார், கூரை.
நடுவில் எங்கும் ஒரு வாய்த் தேன் கிடையாது.
எட்டுக் கிராம் உடம்புக்கு
அது எத்தனை நாள் பட்டினி என்று
எங்களில் யாருக்கும் கணக்குப் போடத் தெரியவில்லை.

போன செவ்வாய்
மூன்றாம் வகுப்புத் தஷ்ரீக் ஓடி வந்தான்.
வந்தது, என்றான்.
எது?
தலை பச்சை. நெஞ்சு சிவப்பு.
தலைகீழாகத் தொங்கிக் குடித்தது.
படம் பிடித்தாயா?
அவனிடம் ஃபோன் இல்லை.
'நம் பலகையில் பார்த்திருப்பான்' என்றான் டெஸ்மண்ட்.
பையன் பாதி தூரம் போய்த் திரும்பி
யாரும் கேட்காமலே சொன்னான்:
'பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே
நீலமாக ஒரு நூல் இருந்தது.'

எங்கள் பலகையில் அந்த நூல் இல்லை.
வரையும்போது நீலப் பெயின்ட் தீர்ந்துபோயிருந்தது.

ரொவீனா நோட்டைத் திறந்தாள்.
செவ்வாய்க்கு அதில் கட்டம் கிடையாது.
'ஓரத்திலாவது எழுதேன்' என்றாள் நோக்குஸோலா.
'நான் பார்க்கவில்லையே.'

வியாழன். ஏழிலிருந்து ஏழரை.
காற்று. வேலியில் ஒரு புறா.
ஐம்பத்தெட்டாவது பூஜ்யத்தை
தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து முடித்தாள்,
காஜா எடுத்ததுபோல.
பென்சிலை நோட்டுக்குள் வைத்தாள்.

யாரும் எதுவும் பேசவில்லை.
நான் அட்டைகளை நனைக்கப் போனேன்.
திரும்பி வரும்போது மணி எட்டேகால்,
பள்ளியில் இரண்டாம் மணியும் அடித்துவிட்டது,
அவள் இன்னும்
கிரேட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.