இரண்டாவது கையெழுத்து

புரட்டாசி மூன்றாம் சனி. சாட்ஸ்வொர்த்தில்
தெய்வானி வீட்டுக் கார் கொட்டகையில் பந்தி.
என் இலையில் பூசணிக்காய் விழும் நேரம்
கரண்டியை உயர்த்திப் பிடித்துச் சொன்னாள்:
"மூணு பிள்ளை வளர்த்தவ நான். நானும் நர்ஸுதான்,
சம்பளம் மட்டும் இல்ல."
பந்தியே சிரித்தது.
நானும் சிரித்தேன். வாயில் சோறு இருந்தது,
அது ஒரு வசதி.

சோறு இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன்?

புள்ளி என்று ஒன்று இருக்கிறது, தெய்வானி,
எண்களுக்கு நடுவே, எறும்புத் தலையளவு.
அது ஓரிடம் தள்ளி உட்கார்ந்தால்
நாலு கிலோக் குழந்தை மூச்சை மறந்துவிடும்.
அதனால்தான் மார்ஃபின் அலமாரிக்கு
இரண்டு பேராகப் போகிறோம்.
நான் அளந்தால் நோம்புசோ பார்ப்பாள்,
அவள் அளந்தால் நான்.
பதினெட்டு வருடமாக ஒருவரையொருவர் நம்புகிறோம்,
ஒவ்வொரு முறையும்
நம்பாதவர்கள் மாதிரி சரிபார்க்கிறோம்.
பதிவேட்டில் இரண்டு கையெழுத்து.
அன்புக்கு அதில் கட்டம் கிடையாது.

லுங்கேலோ என்று ஒருவன். நாலு வயது.
மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து வந்தவன்.
டாக்சிக்குக் காசு சேர்ந்தால்
அவன் தாய் உம்லாசியிலிருந்து ஞாயிறுகளில் வருவாள்.
கட்டுப் பிரித்த அன்று என் விரலைக் கடித்தான்,
பிறகு அதே விரலைப் பிடித்துக்கொண்டு
"மாமா" என்றான்.
நமக்குச் சிரிப்பு வரும் சொல். ஜூலுவில் அம்மா.
"சிஸ்டர்" என்று திருத்தினேன்.
"மாமா ஞாயிற்றுக்கிழமை வருவாள்."
கல்நெஞ்சு என்பாய்.
அவன் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
பன்னிரண்டு மணி நேரம் கால் கடுத்தாலும்
அதில் நான் உட்கார்ந்ததில்லை.
அது ஆள் உள்ள நாற்காலி.

முழுதும் சொல்வதென்றால் இதையும் சொல்ல வேண்டும்.
போன குளிர்காலம், மின்வெட்டு இரவு,
என் பிரெஷனுக்குக் காய்ச்சல்.
போன் வெளிச்சத்தில் மருந்தை அளந்தேன்,
கண்ணுக்கு நேரே பிடித்து, படித்தபடியே.
ஒரு மணி நேரம் முன்புதான்
லோகனும் கொடுத்திருந்தான்.
நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.
வீட்டில் பதிவேடு ஏது.

அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது
என்று என் படிப்பு சொன்னது.
படிப்பைப் படுக்கச் சொல்லிவிட்டு
விடியும்வரை அவன் மூச்சை எண்ணினேன்.
பதினேழில் தவறும். ஒன்றிலிருந்து மறுபடி.
வார்டில் எண்ணிக்கை தப்பாதவள் நான்.
"நீயே நர்ஸு, உனக்கென்ன பயம்?" என்றான் லோகன்.
கையிலிருந்த தெர்மாமீட்டரை
அவன்மேல் எறிந்திருப்பேன்.
அரசாங்கச் சொத்து இல்லை, நானே வாங்கியது.
அதனால் எறியவில்லை.

ஆகவே தெய்வானி, நீ நர்ஸ் இல்லை.
காலை ஏழு மணிக்கு உன் கையிலிருந்து
சாவியை வாங்கிக்கொள்ள எவளும் வரவில்லை.
நீ அளந்ததைப் பார்க்க
இன்னொரு ஜோடிக் கண் இருந்ததில்லை.
அந்த இருட்டில் மூன்று பேரை வளர்த்திருக்கிறாய்.
அதற்கு வேறு பெயர் வேண்டும்,
என் பெயரை எடுக்காதே.
அதற்காக நான் தேர்வு எழுதியிருக்கிறேன்,
சம்பளத்துக்காக மழையில்
அட்டை பிடித்து நின்றிருக்கிறேன்.

இதில் ஒன்றையும் சொல்லவில்லை.
கேட்டருகே ஓடிவந்து
ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் திணித்தாள்:
"நைட் டியூட்டில சாப்பிடு.
டப்பா திரும்பி வரணும்."

அதிகாலை மூன்று மணிக்குத் திறந்தோம்.
பூசணிக்காய் ஆறிப்போயிருந்தது.
உப்புக் கொஞ்சம் குறைவு என்றேன்.
நோம்புசோ ஒரு துண்டு எடுத்து,
மெல்ல மென்று, விழுங்கி,
ஆமாம் என்றாள்.