ஒரு விரல் சரிவு

ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்
வாயைத் திறந்துவிடும்.
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினதும்
காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
குனிந்துதான் மிதிக்க வேண்டும்.
குனிந்தால்
சீட்டின் மூக்கு குத்தும்.

எங்கே என்று யாரிடமும் சொன்னதில்லை.
முட்டிவலி என்றேன் வீட்டுக்காரரிடம்.
இடுப்பு என்றேன் மேஸ்திரியிடம்.
வெளியே சொல்ல வேண்டுமென்றால்
வலிக்கும் ஒரு கௌரவமான விலாசம்
வேண்டியிருக்கிறது.

சைக்கிள் மகளுடையது.
பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்தது.
அவள் திருப்பூருக்குப் போன பிறகு
அவள் வயசுக்கு முறுக்கிய நட்டின் மேல்
என் நாற்பத்திரண்டு வயசு ஏறி உட்கார்ந்தது.
வண்ணாமடை கயிறு மில்லுக்கு ஒன்பது கிலோமீட்டர்.
சாயங்காலம் அதே காற்று
முதுகைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பும்.

மட்டை அடிக்கிற இடத்தில்
நார்த்தூள் பறந்துகொண்டே இருக்கும்.
வியர்வையில் ஒட்டி, நைலானில் ஊறி,
நடக்கும்போது அறுக்கும்.
செக்போஸ்டில் இந்தப் பக்கக் கழிப்பறைக்குப் பூட்டு,
அந்தப் பக்கக் கழிப்பறைக்குக் கதவில்லை.
மில்லில் உண்டு, சாவி சூப்பர்வைசர் பையில்.
ஆகவே நான் தண்ணீர் குடிப்பதில்லை.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று
என்று உடம்பைப் பழக்கிவிட்டதாக
நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் காய்ச்சல்.
ஒவ்வொரு சொட்டும் மிளகாய்.
சித்தூர் தாலுகா ஆசுபத்திரியில்
முடியை அள்ளி பேனாவால் குத்தியிருந்த டாக்டர்
தலை நிமிராமல் கேட்டாள்,
"மூத்திரம் பிடிச்சு வெக்காறுண்டோ?"
மலையாளத்தில் கேட்டதால்
வெட்கம் வந்துசேரக் கொஞ்சம் நேரமானது.
அதற்குள் "உண்டு" என்றுவிட்டேன்.
"சைக்கிளோ?"
அதுவும் உண்டு.
சீட்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சீட் வரைந்தாள்.
மூக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.
பருத்தி என்று எழுதினாள், தண்ணீர் என்று எழுதினாள்,
உள்ளே சோப்பு வேண்டாம் என்பதை
இரண்டு தடவை சொன்னாள்.

தண்டபாணியின் சைக்கிள் கடையில் நின்றேன்.
"முன்னால சாஞ்சா வழுக்கும்மா,
கம்பெனி வெச்சது வெச்சபடி இருக்கட்டும்.
எதுக்கு?"
எதுக்கு என்பதற்கு
என் வாயில் முட்டிதான் வந்தது.
பதிமூணு நம்பர் ஸ்பானர் ஒன்று வாங்கிக்கொண்டு
திரும்பினேன், நாற்பது ரூபாய்.

முதல் தடவை அதிகமாய்ச் சாய்த்துவிட்டேன்.
தெருமுனை வரைக்கும் ஹேண்டில்பாரில் தொங்கினேன்,
மணிக்கட்டு விண்ணென்றது.
மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கி,
கடைசியில் ஒரு விரல் சரிவு.
கம்பியையும் கொஞ்சம் இறக்கினேன்.
பெடல் கீழே போகும்போது
இடுப்பு இனி ஊஞ்சலாட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஓமனா பார்த்தாள்,
முகம் சுளிக்காமல் நான் உட்கார்வதை.
காரணம் கேட்கவில்லை.
"என்றேதும் ஒந்நு நோக்காமோ?" என்றாள்.
மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில் ஏழு வண்டிகள்.
நஞ்சம்மாவுடையது துருப்பிடித்திருந்தது,
மூன்று பேர் சேர்ந்து திருகினோம்.
மூக்கு, மூக்கு என்றே பேசினோம்.
எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு ஏழு பேராகப் போய்ச்
சாவி கேட்டோம்.
"அடிக்கடி எதுக்கு?"
"தண்ணி குடிக்கிறோம்."
சூப்பர்வைசர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
வேறெங்கோ பார்த்தார்.

இப்போது சோற்றுப் போசிக்கு அடியில்
உலர்ந்த மாற்றுத்துணி ஒன்று இருக்கும்.
மில் விட்டதும் மாற்றிக்கொள்வேன்.
இறக்கத்தில் பெடல்மேல் எழுந்து நிற்பேன்,
லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

நேற்று மகளிடம் போனில்
முட்டி என்று சொல்லாமல்
அந்த இடத்தின் பெயரையே சொன்னேன்.
தையல் மிஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு,
ரெண்டு வருஷமும்."

அந்த ரெண்டு வருஷமும்
பள்ளிக்கூடத்திலிருந்து அவள்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவாள்.
பஞ்சரா என்று கேட்டிருக்கிறேன்.
ஆமாம் என்றிருக்கிறாள்.