முழங்கை மடிப்பு

மட்டக்குளியில் பழைய தும்புக் களஞ்சியம்.
இப்போது அதில் பியர் வடிக்கிறோம்.
குளிர் அறையில் மூன்று வெள்ளிப் பொதிகள்
கத்தரிக்கோலுக்குக் காத்திருக்கின்றன.

முதலில் சாஸ்.
உள்ளங்கையில் கொட்டி, மற்றக் கையால் மூடி,
சூடு ஏறும்வரை தேய்க்கவேண்டும்.
குளிர்தேசத்துக் கொடியின் பூ
கொழும்பு வியர்வையில் மெல்ல வாய் திறக்கிறது:
வெட்டிய புல், கொஞ்சம் மிளகு,
பூசை முடிந்து கதவு சாத்தியபின்
தேவாலயத்தில் மிஞ்சும் அமைதி.
"அமைதிக்கு மணமில்லை," என்கிறான் ருக்மல்.
"தாளில் அதற்குக் கட்டமும் இல்லை."

கை கழுவு. வாசமில்லாத சவர்க்காரம்.

அடுத்தது காஸ்கேட்.
ஜம்போலாத் தோலை நகத்தால் கீறினது போல;
பின்னாலேயே ஒரு பூ,
பெயர் நாக்கு நுனிவரை வந்து
அங்கேயே குந்திவிட்டது.
ருக்மல் ஏழு போடுகிறான். நான் ஆறரை.
அந்த அரைக்காக இருபது நிமிடம் சண்டை.

சிட்ரா, பழக்கடைக்குள்
மோட்டார் சைக்கிள் புகுந்த மாதிரி.
மாம்பழம், கொடித்தோடை, தேசிக்காய்
எல்லாம் ஒரே நேரத்தில் உருண்டு ஓட
எதைப் பிடிப்பது?
கடைசியில், மரியாதையே இல்லாமல்,
கொஞ்சம் பூனை மூத்திரம்.
அதையும் எழுதினேன்.

மூக்குக் களைத்தால்
கோப்பிக்கொட்டை உதவாது.
சட்டைக் கையை மடித்துவிட்டு
உன் முழங்கை மடிப்பையே முகர வேண்டும்.
அங்கே இருப்பது உப்பு, சலவைத்தூள்,
காலையில் ஏறின பஸ்ஸின் நெரிசல்,
நேற்றைய மீன்குழம்பில் ஒரு துளி.
அதுதான் பூச்சியம்.
செக் நாட்டு வயலும் அமெரிக்கப் பள்ளத்தாக்கும்
என் முழங்கையிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான்
நாள் முழுக்க அளக்கிறோம்.

வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை எடுத்தபோது
"சாப்பாட்டு ஆய்வுகூடத்தில் வேலை" என்றேன்.
பொய்யில்லை. பாதி.

மாலை பஸ்ஸில் இருக்க இடமில்லை.
மேல் கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
ஆமர் வீதி தாண்டும்போது
கீழே இருந்த பெண், தாதி உடுப்பு,
தூக்கத்திலிருந்து நிமிர்ந்து
சிங்களத்தில் கேட்கிறாள்:
"நங்கி, அது என்ன பூ?"

மூன்றும் கலந்த கை. எதைச் சொல்ல?
தெரியாது என்கிறேன்.
கண்ணை மூடி ஒருமுறை இழுத்து
அவளே சொல்கிறாள்: "தோடம்பூ."
திரும்பவும் தூங்கிவிடுகிறாள்.

குந்தியிருந்தது எழும்பிவிட்டது.
ஒற்றைக் கையால் ருக்மலுக்குத் தட்டுகிறேன்:
காஸ்கேட், ஏழு.

பம்பலப்பிட்டியில் பதில் வருகிறது:
நான் அதை ஆறரையாகக் குறைத்துவிட்டேனே.