கூரை நிதி

ஒரு மிடறு நாற்பது டாலர்.
வார்டெல் ஹாரட் மருந்துக் குப்பியைத் திறக்கிறார்.
மதுவிலக்குக் காலத்துச் சரக்கு;
"இருமலுக்கு மட்டும்" என்கிறது லேபிள்.
தக்கை பாதியில் பொடிந்துவிட,
காப்பி வடிகட்டியோடு ஓடி வருகிறாள் லுரேன்.

பழைய அலமாரி, கருகிய வெல்லம்,
கடைசியில் செப்புக்காசை நக்கியது போல் ஒன்று.
வங்கி மேலாளர் டெல்பர்ட் மட்டும்
இருமிக் காட்டிவிட்டு
மறுபடி டம்ளரை நீட்டுகிறார்.

வெளியே கென்டக்கி மழை.
சோளம் உதிர்க்கும் எந்திரத்துக்கு மேலே,
கூரை இடுக்கிலிருந்து
ஒரு சொட்டு
நேராக என் டம்ளருக்குள்.

"சொட்டுத் தண்ணீர் விட்டால்தான்
வாசம் விரியும்" என்று
சற்றுமுன் சொன்ன வார்டெல்
என்னைப் பார்க்காமல்
வாளியை நகர்த்துகிறார்.

குடித்தேன்.
உண்மைதான், விரிந்தது.

இன்னொரு நாற்பதை உண்டியலில் போட்டேன்.
ஒழுகுவது நிற்கட்டும் என்றா
என்று கேட்காதீர்கள்.