குழி எண் மூன்று

வெயிலில் சட்டையைக் கழற்றவும்
இரண்டடி தள்ளி நிழலில்
அதே சட்டையைத் தேடவும் வைக்கும் உயரம்.
நியூ மெக்சிகோவில், ஏழாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு.

ஓடெல் ஒரு புகைப்படத்தை நீட்டினார்.
லூசியானாவில் விட்டுவந்த வீடு.
முன்புறம் முழுக்கப் புல்,
புல் நடுவே சுழலும் தெளிப்பான்,
அதன் குறுக்கே பாயும் ஒரு நனைந்த நாய்.
"இந்த மாதிரி" என்றார்.
ரொசால்பா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டார்:
"நாயும் சேர்த்தா?"

நான் தாளை விரிக்கவில்லை.
வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்தேன்.

முதல் குழி மணல். வாளி நீரை
நாலு நிமிடத்தில் குடித்துவிட்டு
வாயைத் திறந்தபடி இருந்தது.
இரண்டாவது, சுவரோரம்:
வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன
சிமெண்ட் கட்டி, ஒற்றைக் கையுறை,
நசுங்கிய பியர் டப்பா.
மூன்றாவதில் முழங்கை ஆழத்தில்
கணீரென்றது இரும்பு.
சுக்கான்.
எத்தனையோ மழை இறங்கிவந்து
இதற்கு மேல் முடியாது என்று
உட்கார்ந்துவிட்ட வெள்ளைத் தளம்.
அதில் ஊற்றிய நீர்
மாலைவரை வானத்தை வைத்துக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மூன்று: வடியாது. மரம் கூடாது.

அங்கேதான் பீச் மரம் கேட்டிருந்தார் ஓடெல்.
சூடான ஒரு வாரத்தை நம்பி
ஏப்ரலில் பூத்துவிடும், பிறகு
மே மாதத்து ஒரே இரவில் கருகும் என்றேன்.
"ஏமாளி மரமா?"
நம்பிக்கை அதிகமான மரம் என்றேன்.

நட்ட குச்சிகளில் ரிப்பன் கட்டிவிட்டேன்.
நான்கு நாளில் தென்மேற்குக் காற்று
கிழித்துப்போட்டவை போக
மிஞ்சியவை இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே
உட்காரும் இடம்.
எரிவாயு நிறுவனத்தின் பையன் வந்து
தரையில் மஞ்சள் கோடு அடித்தான்.
என் கொடிமுந்திரிப் பந்தலின்
வயிற்றின் குறுக்கே போனது அது.
அழித்தேன்.

நடைபாதைக்கு ரப்பர் குழாயை
வளைத்து வளைத்துப் போட்டிருந்தேன்,
எனக்கே பெருமையாக இருந்தது.
இரவு குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு
செருப்புக் காலோடு வந்த ரொசால்பா
அந்த வளைவை ஒருமுறைகூட மிதிக்கவில்லை.
நேராகக் குழாயைத் தாண்டிப் போனார்,
நேராகத் திரும்பி வந்தார்.
அதையும் அழித்தேன்.

அவர்கள் பணம் கொடுப்பது
பெரும்பாலும் என் ரப்பருக்குத்தான்.

காலையில் மூன்றாம் குழியில்
பாதி நீர் இன்னும் இருந்தது,
மேலே மெல்லிய பனியேடு, ஓரத்தில் உடைந்து.
சுற்றிலும் மண்ணில்
காடைக் கால்கள், தையல் போட்டதுபோல்.
அவற்றின் மேலேறி வேறொன்று,
நான்கு விரல், நகம் பதிந்து.

ஓடெல் முழங்கால் மடக்கிக் குனிந்தார்.
அந்த மடக்கலுக்கு நேரம் பிடித்தது.
"நாய்" என்றார்.
"கயோட்டி" என்றார் ரொசால்பா.
"நாய்தான்" என்றார் மறுபடியும்,
யாருக்கும் இல்லாமல்.

அன்று மதியம் தாளை விரித்தேன்.
வடக்கே சமீசா, சாய்வில் கிராமாப் புல்,
பழைய ஜூனிப்பருக்கு எதுவும் செய்யாமலிருத்தல்.
லூசியானாவுக்கு
இரண்டு கட்டில் விரிக்கும் அளவு பச்சை,
கூரைநீர் விழும் மூலையில்.
மூன்றாம் குழி இருந்த இடத்தில்
வெறும் வட்டம்.

"இது என்ன?"
குழி.
"அதற்கு எவ்வளவு?"
மதிப்பீட்டில் தேடிக் காட்டினேன்:
ஒரு கோடு, எதிரே பூஜ்யம்.

நடுவது அக்டோபரில்தான்,
அதுவரை ஒரு கோடையைப் பார்த்துவிடலாம் என்றேன்.
பொறுமையில்லாதவர், வாதிடுவார்
என்று காத்திருந்தேன்.
சரி, சரி என்று
பாதியிலேயே எழுந்து போனார் ஓடெல்.

வண்டியைக் கிளப்பும்போது
பக்கக் கண்ணாடியில் தெரிந்தார்:
ஒரு கையில் இடுப்பைப் பிடித்தபடி,
மறு கையில் தளும்பும் வாளி.