ஒன்றே முக்கால் மணி

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே
போனை முழுசாய் ஏற்றினால்தான்
நகைச்சுவை காதில் விழும்.

கோட்டு போட்ட ஆள் சொல்கிறான்:
மந்திரியைத் தூக்கிவிட்டார்கள் என்று
மந்திரிக்கு முதலில் சொன்னது அவர் டிரைவராம்.
அதுவும் வாயால் இல்லை,
கதவைத் திறந்துவிட இறங்காமல்.
கொல்லென்று சிரிப்பு, வாடகைக்கு எடுத்தது.

இருதயம் அண்ணன் பாரை நெட்டித் தள்ளிக்கொண்டே கேட்டார்,
"டீசல் மானியம் தாரேன்னது இவரா, போனவரா?"
"போனவருக்கும் முந்தினவர்."
"அப்ப அவருக்கு முந்தி?"
எனக்கு ஞாபகமில்லை.
ஒரே மாசத்தில் மூணாவது ஆள்.
பெயர்ப்பலகை எழுதுபவனுக்கு மட்டும்
நல்ல சீசன் என்றான் கோட்டுக்காரன்.
அதற்கு நாங்களே சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்குமுன்
அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது.
கிளாடியஸ் மச்சாது. கடைசி வீடியோ.

எடுத்தது இங்கேதான், மாசியில்,
இப்போது அண்ணன் நிற்கிற இந்த ஈரத்தில்.
நாற்பது பார் அடுக்கி மேடை கட்டினோம்.
தொண்டையை அறுத்து எடுத்தபின் வந்திருந்தார்.
கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை,
அதற்கடியில் ஒரு ஓட்டை,
மூச்சு அதன் வழியே
தேய்ந்த வால்வு மாதிரி சீறும்.
டீயைக்கூட எழுதித்தான் கேட்டார்:
சக்கரை தூக்கலா.

பாட்டு முந்தின வருஷம் பதிந்தது.
ஸ்பீக்கரில் அது கிழிய
இவர் வாயை மட்டும் திறந்தார்.
கிடார் வயர் எதிலும் சொருகவில்லை.
ஆனால் கழுத்து நரம்பு புடைத்ததே,
அதை முந்தின வருஷமா பதிந்திருக்க முடியும்?

போதும் சார் என்றான் டைரக்டர் பையன்.
அவர் ஒரு விரலைக் காட்டினார். இன்னொன்று.
ஐந்து முறை அந்த விரல்.
அதற்குள் மேடை உருகிச் சரிந்திருந்தது,
ஆறாவதில் வழுக்கி விழுந்தார்.
விழுந்தபடியே, அமோனியா நெடியில்,
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். துளி சத்தம் இல்லை.
அதைத்தான் முடிவாக வைத்திருக்கிறார்கள்.
ஓரத்தில் மூணு செகண்டு
கொக்கியோடு என் முதுகு தெரியும்.

"திரும்பப் போடு" என்றார் அண்ணன்.
போடுவதற்குள் கோட்டுக்காரன் வந்துவிட்டான்,
நாலாவது மந்திரியோடு.
வெளியே கச்சான் தணிந்து
படகுக்காரர்கள் ஐஸ் கேட்டு ஹாரன் அடிக்கிறார்கள்.

கணக்கு நோட்டில் இன்னும் கிடக்கிறது:
கி. மச்சாது, 40 பார், பாக்கி.
முதலாளி அடிக்கவில்லை.
நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.